அந்த விரால் கெட்டுப்போகவில்லை

எங்கள் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் பின் சீட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். வெயிலில் நின்ற வண்டி என்றால் சூடு பார்க்க. நிழலில் நின்றது என்றால் தூசி போக. தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்க மாட்டார், வா என்றும் சொல்ல மாட்டார். அந்த இரண்டு தட்டுதான் அழைப்பு. நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, வலது கையை அவர் தோளில் வைப்பேன். கை விழுந்த பிறகுதான் டிவிஎஸ் நகரும். வண்டி இரண்டு மாறிவிட்டது. தட்டு மாறவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதைவிட மெதுவாக எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். பிழை இருந்தால் மன்னியுங்கள் என்று கெஞ்சவும் மாட்டேன். சொல்ல வந்தது சொல்லக் கூச்சமான விஷயம். கூச்சப்பட்டு நான் இழந்தது போதும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஞாயிறு என்றால் மாதா கோயிலில் பூசை, பூசை முடிந்தால் மீன். கோயிலை விட்டு வந்ததும் நேராகச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் வண்டியை விடுவார். கரையோரம் தட்டில் வைத்து விற்பார்கள். கெண்டை, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். மீன் பார்ப்பது என் வேலை, பை பிடிப்பது அவர் வேலை. செவுளைத் தூக்கி உள்சிவப்பு பார்ப்பேன், கண்ணைப் பார்ப்பேன், வயிற்றில் ஒரு விரல் அழுத்துவேன். விற்கிறவள் என்னைக் கண்டதும், "வந்துட்டாங்கப்பா டாக்டரம்மா, எல்லா மீனும் நாக்க நீட்டு" என்பாள். நான் வாங்கின மீன் கெட்டது என்று ஒரு நாளும் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டுமே.

வாங்கிய பிறகு கரைமேல் கொஞ்ச நேரம் உட்காருவோம். பேச்சு அதிகம் இருக்காது. தண்ணீரைப் பார்ப்போம், வேர்க்கடலை உரிப்போம், திரும்புவோம். வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துத்தான் சோறு போடுகிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போகிற அந்த வழிதான் எனக்கு அவரோடு இருந்த நேரம். காலரில் கஞ்சி வாசம் அடிக்கும். காற்றில் அவர் சொல்வதில் பாதி காதில் விழாது. விழாத பாதிக்கும் சேர்த்து 'உம்' போடுவேன்.

இனி கூச்சமான பகுதி.

மூன்று பெற்றவள் நான். அறுபது தாண்டியதும் அடி இறங்கிவிட்டது. கர்ப்பப்பை இருக்கும் இடத்தில் இருக்காமல் நழுவிக் கீழே வருவது. குந்தி எழுந்தால் ஏதோ விழுந்துவிடும் போல இருக்கும். வீட்டுக்காரரிடம் வாயு என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் வெளியே வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றார். உள்ளே எனக்கு ஒரு வளையம் வைத்தார்கள். ரப்பர் மாதிரி வளைகிற வளையம், என் கைவளையல் அகலம் இருக்கும். அது உள்ளே நின்று கர்ப்பப்பையைத் தாங்கிக்கொள்ளுமாம். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து எடுத்துக் கழுவி மாட்டிக்கணும்மா" என்று சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். பெஞ்சில் இருபது பேர். எங்கள் ஊர்க்காரி ஒருத்தி என் பக்கத்திலேயே. உள்ளேயிருந்து ஒரு சிஸ்டர் வந்து நின்று, "வளையம் கழுவ வந்தவங்க யாரும்மா? கை தூக்குங்க!" என்று கூவினாள், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டது என்கிற மாதிரி. என் கை மடியை விட்டு எழவில்லை. பக்கத்திலிருந்தவள், "அது இன்னா வளையம்?" என்றாள். "யாருக்குத் தெரியும்" என்றேன். கொஞ்ச நேரம் கௌரவமாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மரத்தடியில் அவர் கேட்டதற்கு டாக்டரம்மா லீவு என்று சொன்னேன்.

அடுத்த முறை போகலாம் என்று இருந்தபோது ஊரடங்கு வந்தது. அப்புறம் மழை வந்தது. அப்புறம் ஒரு தொந்தரவும் இல்லாததால் வளையத்தையே மறந்துவிட்டேன். மறப்பாளா ஒருத்தி என்று கேட்பீர்கள். வலிக்காத பல்லை யார் நினைக்கிறார்கள்?

வருஷங்கள் போயின. பிறகு மெதுவாக ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் மாதிரி கசிவு. பிறகு மஞ்சளாக. பிறகு ஒரு வாடை. சில நாள் துணியில் ரத்தக் கறை. இந்த வயதில் ரத்தம் என்றால் புற்றுநோய்தான் என்று என் மனசு முடிவு கட்டிவிட்டது. உடம்புச் சூடு என்று ஒரு பக்கம் வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். படிகாரத் தண்ணீரை உள்ளே ஊற்றிக் கழுவினேன். எரிந்தது. எரிந்தால் கிருமி சாகிறது என்று நினைத்து இன்னும் கழுவினேன். நாளுக்கு நாலு துணி மாற்றினேன். தலையில் இரண்டு முழம் மல்லி வைக்கிறவள் நாலு முழம் வைத்தேன்.

"இன்னாமே, பூக்கடையே தலைல கீது? யாருக்குக் கண்ணாலம்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ரெண்டாந்தாரம் பாக்கப் போறேன். அதுக்குத்தான்" என்றேன். சிரித்தார்.

அப்படி ஒரு ஞாயிறு. அன்றைக்கு விரால் கிடைத்தது. தட்டிலேயே வாலை அடித்துக்கொண்டிருந்தது. நானே பார்த்து எடுத்தேன். இரண்டு கிலோவுக்குக் குறையாது. பையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஒரகடம் பக்கமிருந்து வருகிற கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்க, நாங்களும் சிக்னலில் நின்றோம். நல்ல வெயில். வண்டி நின்றதும் காற்று நின்றது. அவர் மூக்கை உறிஞ்சினார். ஒருதரம், இரண்டுதரம். கழுத்தைத் திருப்பி, "இன்னாமே, மீன் கெட்டதா? கவிச்சி ஒரு மாதிரி அடிக்குதே" என்றார்.

பைக்குள் விரால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. அதன் துடிப்பு என் முழங்காலில் இடித்தது. அது நல்ல மீன் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்?

"ஆமாங்க, கெட்டதுதான். பாக்காம எடுத்துட்டேன்" என்றேன். சிக்னல் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, உயிரோடிருந்த விராலைச் சாலையோரப் பள்ளத்தில் போட்டேன். நாய் ஒன்று ஓடி வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றோடு வண்டியில் ஏறுவதை விட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல சீட்டை இரண்டு தட்டு தட்டினார். நான் வாசலில் நின்று, "எனக்கு முட்டி வலிக்குது. நான் ஷேர் ஆட்டோல வந்துக்கறேன்" என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். மூன்றாவது ஞாயிறு பழக்க தோஷத்தில் கை சீட்டுக்குப் போயிற்று. ஒரு தட்டு தட்டினார். இரண்டாவது தட்டுக்கு முன்னால் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார். அந்த விழாத தட்டு என் காதில் ரொம்ப நாள் கேட்டது.

பாயையும் தள்ளிப் போட்டேன். கோயிலில் கடைசி வரிசை, வாசலோரம். மீன் அவரே வாங்கி வந்தார், பாதி நாள் செத்து வெளுத்ததாக. நான் முகம் சுளித்தால், "நீ மட்டும் இன்னா யோக்கியம்? ரோட்ல கடாசினியே ஒரு விரால்" என்பார். வாய்வரை வந்ததை விழுங்குவேன். அறுபத்தெட்டு வயதில் கெட்ட மீன் வாங்கியவள் என்ற பெயர்.

ஒரு நாள் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்தார். வண்டியில் பின் சீட்டு இல்லை. அந்த இடத்தில் இரும்புக் கம்பியில் ஒரு கேரியர்.

"சீட்டு எங்கங்க?"

"கழட்டிட்டேன். தண்ணி கேன் வெக்க வசதியா இருக்கும்."

"சீட்டு மேலயே வெச்சுக் கட்டலாமே."

"யாரு குந்தப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். குரலில் கோபம்கூட இல்லை. நான் அந்தக் கேரியரைத் தொட்டுப் பார்த்தேன். வெல்டிங் சூடு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஏக்கம் என்றால் என்னவென்று தெரிந்தது. பக்கத்து அறையில் இருக்கிற மனுஷனை நினைத்து ஏங்கினேன். அவர் சட்டையைத் துவைக்கும்போது காலரை ஒரு தரம் முகர்ந்துவிட்டுத்தான் தண்ணீரில் போடுவேன். எதிரே எந்த வண்டியில் எந்தப் பெண் பின்னால் உட்கார்ந்து போனாலும் என் கண் அவள் கைக்குத்தான் போகும், தோளில் இருக்கிறதா என்று. சாவு வரட்டும், பரவாயில்லை. கடைசியாகப் போகிற வண்டியில் படுத்துக்கொண்டு போகத்தான் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு தரம் அவர் வண்டியில் உட்கார்ந்துகொண்டு போகவேண்டும்.

பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். எல்லாம் ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள். கடைசி அறையில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது. என்னை ஆச்சி என்பாள். வாய் ஓயாத பெண். இந்த மாசிமாதம் அவள் வாய் ஓய்ந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் அறைக்குள் போகாமல் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டால் இவள் தட்டை எடுத்துக்கொண்டு காற்றடிக்கிற பக்கம் போவாள். ஒரு நாள் அவள் தலையில் மூன்று முழம் மல்லியைப் பார்த்தேன். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்களே.

பக்கத்தில் போய் நின்றேன். அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

"இன்னாடி கண்ணு? ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல ஆச்சி."

"ஒண்ணுமில்லாதவ எதுக்கு இம்மாம் பூ வெக்கிறா?"

உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். "ரூம்ல உள்ளவளுவ எலி செத்துக் கெடக்குன்னு கட்டிலுக்கு அடியில தேடுதாளுவ ஆச்சி. எலி இல்ல, நாந்தான். டாக்டர்ட்ட போவணும். தனியாப் போனா என்னமும் பேசுவாவ. நீங்க கூட வாரியளா?"

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் போனோம். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரம் பார்த்து உட்கார்ந்தோம். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அவளிடமிருந்து நான் ஒதுங்குகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

அது ஒரு பெண் டாக்டரின் சின்ன கிளினிக். டோக்கன் கொடுக்கிற பெண், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். இவள் தலையைத் தொங்கப்போட்டாள். எனக்கு அந்தப் பழைய பெஞ்சு ஞாபகம் வந்துவிட்டது.

"ஏம்மா, ஜொரம் வந்தா தாலியப் பாத்துட்டுத்தான் மாத்தர குடுப்பியா? வயசு எழுது, பேர் எழுது, உள்ள அனுப்பு" என்றேன்.

உள்ளே டாக்டரம்மா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதுவா இருந்தாலும் சொல்லும்மா. நான் தினம் கேக்குறதுதான்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கம்பெனியில் இவர்கள் வேலை செய்கிற இடத்தில் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போடவேண்டும். பாத்ரூம் போவதென்றால் அதைக் கழற்றி, திரும்ப மாட்டி, காற்றடிக்கிற அறை வழியாக வரவேண்டும். லைனில் சூப்பர்வைசர் நேரம் பார்ப்பார். மாதவிலக்கு நாளில் அது பெரிய பாடு. கூட வேலை பார்க்கிற ஒருத்தி டாம்பான் கொடுத்தாளாம். சுண்டுவிரல் நீளத்துக்குப் பஞ்சு, உள்ளே வைத்துக்கொள்வது, எடுப்பதற்கு நூல் தொங்கும். ஒரு நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஓ.டி., கூடுதல் நேர வேலை, என்றுவிட்டார்கள். அவசரத்தில் இருந்ததை எடுக்காமலே இன்னொன்று வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஒன்றை எடுத்தாள். ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாள். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள்.

"ஜுரம் இருந்துச்சா? வாந்தி, தலைசுத்தல், உடம்புல செவப்பு செவப்பா ஏதாவது?"

"இல்ல மேடம். நாத்தந்தான். பிரவுன் கலர்ல தண்ணியாப் போவுது. எனக்கு கேன்சரா மேடம்?"

"முதல்ல பாத்துடலாம்" என்று டாக்டரம்மா கையைக் கழுவினார்.

திரைக்குப் பின்னால் அவள் படுத்துக்கொண்டாள். நான் தலைமாட்டில் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா இடுக்கியால் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டு மூடினார். வாடை எழும்பியது. எனக்குத் தெரிந்த வாடை. ஒரு வருஷத்துக்கு மேலாக நான் பூவுக்குள்ளே பொதிந்து வைத்திருந்த அதே வாடை. டாக்டரம்மா மூக்கைச் சுளிக்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ்வளவுதான்மா. முடிஞ்சுது. உள்ள ஒரு பொருள் மறந்துபோய்த் தங்கிட்டா இப்படித்தான் வாடை வரும், கசிவு வரும். இது யாருக்கும் நடக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது, எடுக்காம இன்னொண்ணு வைக்கக் கூடாது. ஜுரமோ மயக்கமோ வந்தா ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஒண்ணு முக்கியம், உள்ள எதையும் ஊத்திக் கழுவாத. அந்த இடம் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். வெளியில தண்ணி போதும்."

உள்ளே ஒரு பொருள் மறந்துபோய்.

பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்தேன். வெள்ளைச் சுவர், திரை, இரும்புக் கட்டில், என் கைவளையல் அகலத்தில் ஒரு வளையம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எத்தனை வருஷம் என்று எண்ணக்கூட முடியவில்லை.

ஆனாலும் அங்கே வாய் திறக்கவில்லை. கௌரவம் அவ்வளவு சீக்கிரம் செத்துவிடுமா? வெளியே வந்தோம். அவள் மாத்திரைச் சீட்டை ஆட்டிக்கொண்டு, "ஆச்சி, தலையில இருந்து அம்மிக்கல்ல எறக்கி வச்ச மாதிரி இருக்கு! வாங்க, ரோஸ்மில்க் வாங்கித் தாரேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நாளில் இறக்கிவிட்டாள். அவளும் கூச்சப்பட்டாள்தான். ஆனால் கூட வருகிறாயா என்று ஒருத்தியைக் கேட்டாள்.

"நீ இங்கியே குந்திகினு இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

"பாட்டி, பார்த்தாச்சே. இப்ப யாருக்கு?" என்றாள் டோக்கன்காரி.

"எனக்குத்தான்" என்றேன், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், சிஸ்டர், கை தூக்காதது, படிகாரம். எத்தனை வருஷம் என்று கேட்டார். நாலாவது அறைக்குத் தளம் போட்ட வருஷம் என்றேன், அந்தக் கணக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர், "இவ்வளவு நாள் தனியாவே சுமந்தீங்களாம்மா?" என்றார். நானே போய்த் திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன்.

எனக்கு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் முடியவில்லை. வளையம் சதையோடு ஒட்டிப் பதிந்திருந்தது. மெதுவாகத் திருப்பித் திருப்பி எடுத்தார். வலித்தது, உயிர் போகிற வலி என்று சொல்லமாட்டேன், மூன்று பெற்றிருக்கிறேன். தட்டில் பார்த்தேன். வைத்தபோது வெள்ளையாக இருந்தது, சாக்கடை நிறமாகியிருந்தது. இதற்காகவா என்று இருந்தது. இந்த வளையத்துக்காகவா அத்தனை ஞாயிற்றுக்கிழமை?

உள்ளே புண் ஆகியிருக்கிறதாம். அதனால்தான் ரத்தம். சந்தேகம் இருக்கக் கூடாது என்று ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தடவ க்ரீம் கொடுத்தார். படிகாரத்தைத் தூக்கிப் போடச் சொன்னார். புண் ஆறும்வரை வளையம் வேண்டாம், பாரம் தூக்கக் கூடாது, ஆறின பிறகு புது வளையமா ஆபரேஷனா என்று முடிவு செய்யலாம் என்றார். "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

ஒன்றுதான் கேட்டேன். "வண்டில பின்னாடி குந்திகினு போலாமா?"

"யார் வண்டியில?"

"எங்க வூட்டுக்காரர் வண்டில."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னார். "புண் ஆறட்டும். ஆறு வாரம். அப்புறம் தாராளமாப் போங்க. மெத்துன்னு சீட் இருக்கட்டும், மேடு பள்ளம் பாத்து ஓட்டச் சொல்லுங்க."

மெத்தென்ற சீட்டு. கம்பிக் கேரியர் என் கண்முன் வந்து நின்றது.

பரிசோதனை முடிவு வருகிறவரை பத்து நாள். தென்காசிப் பெண்தான் போய் வாங்கி வந்து படித்துச் சொன்னாள். புற்று இல்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் ஒதுங்கவில்லை. வாடையும் ஒவ்வொரு நாளாகக் குறைந்து, ஒரு காலை சோறு வடிக்கும்போது கஞ்சி வாசம் மட்டும்தான் இருந்தது. அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேன். கஞ்சி வாசம்தான்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா புண் ஆறிவிட்டது என்று சொல்லிப் புது வளையம் வைத்தார். இனி வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும். அதுதான் கஷ்டம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருந்தபோது அவரே ஆரம்பித்துக் கொடுத்தார். ஞாயிறு மத்தியானம் பையைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். நான் செவுளைத் தூக்கினேன். வெள்ளை.

"இது செத்து மூணு நாள் ஆச்சு. கண்ணு பாருங்க, பள்ளத்துல கீது."

"ஆமா, நீ மட்டும்! ரோட்ல கடாசினியே, அத்த மறந்துட்டியா?"

"அந்த விரால் கெட்டுப்போவலங்க."

"இன்னாது?"

"நல்ல மீன். உயிரோட இருந்துது. நாத்தம் அதுல இல்ல. என் ஒடம்புல."

அப்படியே எல்லாவற்றையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு செதில் உரித்தபடியே சொன்னேன். கெட்ட மீனுக்கு எதற்குச் செதில் உரித்தேனோ. அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு,

"உயிரோடயா போட்ட?"

"ஆமா."

"ரெண்டு கிலோ இருக்குமேமே!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் சிரிக்கவில்லை. "நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? நீ வண்டி ஏறாம நின்னதுக்கு முந்தின வாரம் வண்டிய கம்பெனி பஸ்ல ஒரசிட்டேனே. கெழவனுக்குக் கண்ணு போச்சு, இவன் பின்னாடி குந்தினா உயிருக்கு ஆபத்துன்னு நீ ஒதுங்கிட்டன்னு நெனச்சேன். நீ வாயத் தொறந்து சொல்லமாட்ட, எனக்குத் தெரியும். அதான் சீட்டக் கழட்டினேன். அத்தப் பாத்துகினே ஓட்ட முடியல."

பஸ்ஸில் உரசினது எனக்கு ஞாபகமே இல்லை.

மறுநாளே பட்டறைக்குப் போனார். பழைய சீட்டு அங்கே இல்லை, யாருக்கோ போய்விட்டது. அந்த மாடலுக்குக் கடையில் சீட்டு வருவதில்லையாம். கேரியர் மேல் தலகாணி வைத்து சைக்கிள் டியூபால் கட்டிக் காட்டினார். "தலகாணி மேல குந்திகினு நான் கோயிலுக்கு வரதா? ஊர் சிரிக்கும்" என்றேன். அவர் அவிழ்த்தார். மூன்று ஞாயிறு போனது. அந்த மூன்றும் முந்தின ஒரு வருஷத்தைவிட நீளம். தினக் காலண்டரில் மூன்று மாதம் தள்ளி ஒரு தாளின் முனையை அவரே மடித்து வைத்திருக்கிறார், என் வளையத் தேதி. தினம் தாள் கிழிக்கும்போது அந்த மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

இன்று சனிக்கிழமை. காலையில் ஒரு காயலான் கடையிலிருந்து சீட்டு ஒன்று கொண்டுவந்தார். எங்கள் வண்டி பச்சை, சீட்டு சிவப்பு. ஒரு மூலையில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. என் பழைய பட்டு ரவிக்கைத் துணியை மேலே போட்டுத் தைத்துவிட்டேன். அவர் போல்ட்டு வாங்கப் போயிருக்கிறார். சீட்டு முற்றத்தில் வெயிலில் கிடக்கிறது.

யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன். சூடாகத்தான் இருக்கிறது. நாளைக்குப் பூசை ஏழு மணிக்கு.